லொத்தர் எண்: கணக்குப் போட்டு எடுப்பதா, கண்ணை மூடி எடுப்பதா?

யாழ்ப்பாணத்தில் விற்கும் சீட்டுகளில் எண் அச்சடித்தே வரும். லண்டனில் இருக்கும் மச்சானுக்கு லொட்டோ (எண்ணை வாங்குபவரே தெரிவுசெய்யும் பிரித்தானிய லொத்தர்) எண் சொல்லும்போதுதான் இந்தக் குழப்பம்.

வாய்ப்பு
கணக்கு: 59 எண்களில் 6, அதாவது 45,057,474 இல் ஒன்று.
கண்மூடி: அதேதான். போன குலுக்கல் அடுத்ததைத் தொடாது.

நேரம்
கணக்கு: பழைய முடிவுகளைக் கிளறி இரவே போய்விடும்.
கண்மூடி: ஒரு நிமிடம்.

பரிசுப் பங்கு
கணக்கு: அடி இங்கேதான். அழகான வரிசை, பிறந்தநாள் எல்லாம் பலரும் எழுதுவது. 1995 ஜனவரியில் அங்கே ஒரு முதல் பரிசை 133 பேர் பிரித்தெடுத்தார்கள்!
கண்மூடி: பங்காளிகள் குறைய இடமுண்டு.

எண்களோடு விளையாடப் பிடித்தவர் கணக்குப் போடட்டும், சரி. அதை நம்பி இன்னொரு சீட்டு மட்டும் வேண்டாம். விழுந்தால் முழுதாக வேண்டும் என்பவர் கண்ணை மூடி எடுக்கலாம், பிறந்தநாளில் வராத, 31க்கு மேலான சில எண்களும் சேர்த்து.