கையில் விழுந்த வளையம்: மூன்றாண்டு சிகிச்சை அனுபவம்

2021 ஆடி மாதம், வலது புறங்கையில் ஆள்காட்டி விரல் தொடங்கும் இடத்தில் நான்கைந்து சிறு மணிகள் தோன்றின. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். தீபாவளித் தையல் முடிவதற்குள் அவை ஒன்றுசேர்ந்து ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வளையமாகிவிட்டன. தையல் கடை நடத்துகிறேன். அளவெடுக்க டேப்பைச் சுற்றும்போது எதிரில் நிற்பவரின் பார்வை முதலில் என் கையில்தான் விழும். ஒரு பெண் தோளைச் சற்று விலக்கிக்கொண்டது இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

வளையமாக வந்தால் படர்தாமரைதான் என்றார்கள் எல்லோரும். பக்கத்து வீட்டு அக்கா சீமையகத்தி இலையை அரைத்துக் கொடுத்தார். மருந்துக் கடையில் பூஞ்சைக் களிம்பு கொடுத்தார்கள். எட்டு மாதம் விடாமல் தடவியும் நூலளவுகூடச் சுருங்கவில்லை. படர்தாமரை பொதுவாக அரிக்கும், விளிம்பில் செதில் உதிரும். என்னுடையதில் அரிப்பே இல்லை. விளிம்பு வழவழப்பாக, தோலுக்கடியில் கயிறு வைத்துத் தைத்ததுபோல் கெட்டியாக இருந்தது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

தோல் மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை முறுக்கி, அதன் நுனியால் வளையத்துக்கு உள்ளும் வெளியும் தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பையும் விரலால் உருட்டிப் பார்த்தார். தொழுநோய்த் திட்டும் இப்படி வளையமாக வரலாம், அங்கே உணர்ச்சி மங்கும் என்று அவர் விளக்கியபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. உணர்ச்சி சரியாகவே இருந்தது. சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சையும் இல்லை. விளிம்பில் 4 மில்லிமீட்டர் சதை எடுத்து ஒரு தையல் போட்டார்கள். ஒரு வாரத்தில் பெயர் தெரிந்தது: கிரானுலோமா அனுலேர். இது அழற்சி, தொற்று அல்ல, யாருக்கும் ஒட்டாது. அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சிலருக்கு இதோடு சர்க்கரை நோயும் இருப்பதுண்டு என்பதால் ரத்தமும் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. அதற்கு மாத்திரை தொடங்கியது தனிக்கதை.

முதலில் குளோபெட்டசால் களிம்பு, ஆறு வாரம். விளிம்பு கொஞ்சம் தணிந்து, நிறுத்தியதும் திரும்ப எழும்பியது. வீரியமான ஸ்டீராய்டு அது. நாள்கணக்கு மீறினால் தோல் மெலிந்துவிடும். பிறகு ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில், மாதம் ஒன்றாக மூன்று முறை. வலி கடுமை, ஆனால் உண்மையில் பலித்தது இதுதான். மூன்றாவது ஊசிக்குப் பின் வளையம் தட்டையாகிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் தோல் வெளுத்து, மிளகளவு பள்ளம் விழுந்திருக்கிறது. ஊசிக்கு முன்பே இந்தத் தழும்புக்கான வாய்ப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணுக்காலில் வந்த இரண்டாவது வளையத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்றார் மருத்துவர். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடுமாம். தடவ ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன், அவர் அசையவில்லை. மாதாமாதம் தையல் டேப்பால் அளந்து நோட்டில் குறித்தேன். 31 மில்லிமீட்டர் வரை விரிந்தது, அங்கேயே நின்றது, பிறகு உள்பக்கமிருந்து மங்கியது. பதினான்காம் மாதம் அளப்பதற்கு விளிம்பே இல்லை.

சென்ற மாதம் முழங்கையில் புதிதாக இரண்டு மணிகள். நோட்டில் தேதி எழுதி, 6 மில்லிமீட்டர் என்று குறித்திருக்கிறேன்.