தட்சிணசித்ரா: கழற்றி வந்து பூட்டிய வீடுகள்

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு நேரே விமானம் பறக்கிற இக்காலத்தில், கூறை எடுக்கவும் கோயில் கும்பிடவும் வைத்தியம் பார்க்கவும் போகிற எம்மவர்கள் ஒரு பகற்பொழுதை முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கினால் அது வீண்போகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தில், தென்னிந்தியாவின் பல ஊர்களைச் சேர்ந்த 18 மரபு வீடுகள் அங்கே நிற்கின்றன. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் 1996 டிசெம்பரில் திறந்த இவ்வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கும் பங்குண்டு. இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, மரங்களைக் கழற்றி ஏற்றிவந்து, மரபுத் தச்சர்களைக் கொண்டே மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டிலேதான் நான் அதிகநேரம் நின்றேன். திண்ணை, சித்திரவேலை செய்த தலைவாசற் கதவு, அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம் என்ற ஒழுங்கு எங்கள் நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்குப் புதிதல்ல. நாங்கள் பனஞ்சலாகையும் வேம்பும் கொண்டு செய்ததை, பர்மாவில் வட்டித்தொழில் செய்து பொருளீட்டிய நகரத்தார் பர்மாத் தேக்கில் செய்திருக்கிறார்கள், அவ்வளவே. அண்ணாந்து, தூணின் தலையில் தாங்குகட்டையான போதிகையும் அதன்மேல் உத்தரமும் ஒன்றையொன்று கவ்வி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்: ஆணி அறையாமல், ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை மற்றதன் துளையில் செருகிப் பொருத்தும் இந்த முறையினால்தான் ஒரு வீட்டின் மரங்களைச் சேதமின்றிக் கழற்றவும் வேறோர் ஊரில் எழுப்பவும் முடிகிறது.

கேரளத்தின் கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு இதற்கு இன்னும் தெளிவான சான்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அவ்வீட்டில் நெல் சேமிக்கும் அறைகூடப் பலகையால் ஆனதே. கல்லும் சுண்ணாம்புமாகிய சுவர்களோ அப்படி இடம்பெயர மாட்டா. ஆகையால் சுவர் வீடுகளைப் பார்க்கும்போது மரவேலை பழையது, சுவர் புதியது என்ற நினைவு இருக்கவேண்டும். எங்கள் ஊர்களில் நாற்சார் வீடு பிரிக்கப்படும்போது கூரை தாங்கும் தீராந்தி ஒரு பக்கமும் கதவுநிலை ஒரு பக்கமுமாக விலைபோய்விடுவதால், அளவெடுத்த வரைபடம்கூட மிஞ்சாத வீடு அத்தோடு தொலைந்தே போகிறது.

குறையென்று சொன்னால், உள்ளறைகள் பலவற்றில் கண்காட்சிப் பலகைகளும் பொருட்களும் இடம்பிடித்துக்கொள்வதால், அடுப்படி எங்கே, யார் எங்கே படுத்தார்கள் என்பதைப் பார்ப்பவர் தாமே ஊகிக்கவேண்டியிருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு இது தவிர்க்கமுடியாததாக இருக்கலாம். எனக்கு ஒரேயொரு வீடாவது வெறும் வீடாக இருந்திருக்கலாம் என்று பட்டது.

கூறை எடுக்க வந்தவர்கள் காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டைத் தவறவிடக்கூடாது. கடையில் மடிப்புக் கலையாமல் விரிக்கும் பட்டின் பின்னால் தறியோடு குடித்தனம் நடத்திய குடும்பம் இருப்பது அங்கே கண்முன் தெரிகிறது. சிறுவர்களைக் குயவர் வீட்டுப் பக்கம் விட்டால் சக்கரத்தை விட்டு அசையமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மதிய வெயில் கடுமை என்பதால் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது.