கன்னியாகுமரியில் வாங்கிய கலர் மண்

பதினோரு வருஷம் கழித்துக் கன்னியாகுமரி போனோம். படகு, விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், புதுக் கண்ணாடிப் பாலம், எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனசில் நிற்பது ஒரு கலர் மண் பாக்கெட்தான்.

நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். பாக்கெட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற மண். பகவதியம்மன் கல்யாணம் நின்றுபோனதும், சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மண்ணாகிவிட்டது என்று பாட்டி சொல்வாள். அரிசிக் குருணை மாதிரி இருக்கும் மண்ணைப் பல்லில் கடித்தே பார்த்திருக்கிறேன். டொராண்டோவில் என் மகளைத் தூங்க வைக்க எத்தனை ராத்திரி இந்தக் கதை! அதனால் சிப்பிக் கண்ணாடி, சோழி மாலை, பெயர் பொறித்த சங்கு எல்லாவற்றையும் தாண்டிப்போய் அவள் கேட்டது அந்த பாக்கெட்டைத்தான்.

அறைக்கு வந்ததும் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, சிவப்பு மண்ணை அதில் போட்டாள். தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியது. பச்சை மண் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. "அப்பா, இது சாயம்" என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "அழகுக்கு வைக்கிறதுதானே சார், யார் கழுவப் போறா?" என்றார் கடைக்காரர். நயாகராவில் கிளிஃப்டன் ஹில் தெருவிலும் மெழுகு பொம்மை, பேய் வீடு என்று பொழுதுபோக்குக் கடைகள்தான். விலையோ கொள்ளை. ஆனால் அங்கே பொருள் சரியில்லை என்று பில்லைக் காட்டினால் காது கொடுத்தாவது கேட்பார்கள். ஐம்பது ரூபாய் போனது பெரிசில்லை. கார்னெட் சிவப்பையும் இல்மனைட் கருப்பையும் அலையே கொண்டுவந்து கொட்டுகிற கரை இது. மணவாளக்குறிச்சியில் அந்தத் தாதுக்களைப் பிரித்தெடுக்க அரசாங்க ஆலையே இருக்கிறது. இந்த ஊரிலா மண்ணுக்குச் சாயம் போடுவது?

சாயங்காலம் கடற்கரையில் மாங்காய் விற்ற அக்கா ஒருவர் என் மகளைப் பார்த்து, "எதுக்கு மக்கா மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டார். சொன்னோம். கூடையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மகளை அலையோரம் கூட்டிப்போனார். குதிகாலால் மண்ணை ஒரு இழுப்பு இழுத்தார். மேலே மை மாதிரி கருப்பு, அதற்கு அடியில் நாவல்பழச் சாறு மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அதைக் கிள்ளி எடுத்து மகள் உள்ளங்கையில் வைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் தெளிவாகவே வழிந்தது. சிவப்பு அப்படியே மினுமினுத்தது.

"இதுதான் கல்யாணத்து அரிசியா?"

"பின்னே? அம்மைக்குள்ளது. பாத்துட்டு இங்கேயே போட்டுரு மக்கா."

ஒவ்வொரு மணியாக அலையில் உதிர்த்துவிட்டுத்தான் வந்தாள்.