பொகவந்தலாவைப் பக்கத்து ஸ்கூல் வேன்: பாலத்துக்கு முன்னால் பிள்ளைகளை இறக்கி நடத்திக் கூட்டிப் போகிற வண்டி

இலங்கை மலையகத்தில், எங்கள் தோட்டத்து டிவிஷனிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற வேன் இது. மகள் தரம் 2இலிருந்து இதில்தான் போய் வருகிறாள், இப்போது தரம் 5, புலமைப்பரிசில் வகுப்பு. மாதம் 5,000 ரூபா. காலை ஆறேகாலுக்குக் கோயிலடியில் வந்து நிற்கும்.

வழியில் துரைமார் காலத்து இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. ஒரு வண்டிதான் போகலாம். 2022 அக்டோபர் 30ஆம் திகதி குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் அறுந்து மச்சு ஆற்றில் விழுந்து 135 பேர் செத்துப்போனார்கள். அதில் நிறைய சின்னப் பிள்ளைகள். திருத்தித் திறந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. அந்த வீடியோ எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லார் போனுக்கும் வந்தது, மகளும் பார்த்துவிட்டாள். அந்த வாரமே ஒரு காலையில் வேனுக்குள் ஏறமாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா, "வெள்ளக்காரன் கட்டுனது, நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்" என்றார். இன்னொருவர், போன மாசந்தானே புதுப் பலகை போட்டார்கள் என்றார். மோர்பியிலும் தளத்தைப் புதிதாகத்தான் மாற்றியிருந்தார்கள். பிறகு விசாரித்தபோது ஒரு பெரிய கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது தெரியவந்தது. அதைப் படித்ததிலிருந்து புதுப் பலகை என்றாலே எனக்கு வயிறு கலங்கும்.

வேன் ஓட்டுகிற அண்ணன் அன்றைக்கு "ஒண்ணும் ஆகாது பாப்பா" என்று சொல்லவில்லை. "பயமா இருந்தா எறங்கி நடப்போம், மாமா கைய புடிச்சுக்க" என்றார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வேனை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார். நாலு நாலு பேராக அக்கரைக்குக் கூட்டிப்போய், பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்றைக் காவலுக்கு வைத்து, தலையை எண்ணி, கடைசியில் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இன்றுவரை அப்படித்தான். திங்கட்கிழமைகளில் டோர்ச் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி போல்ட்டையும் துருவையும் பார்க்கிறார். ஒரு போல்ட் கழன்று கிடந்ததைப் போட்டோ எடுத்துத் தோட்டத்து ஆபீசில் காட்டி, மாற்றும்வரை விடாமல் போய் நின்றார். வேன்காரருக்கு அது வேலையே இல்லை. அதைச் செய்ய அவரைத் தவிர ஆளும் இல்லை.

பாலத்துத் தூணில் அவரே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டி திரும்பிவிடும். போன ஜூன் மழையில் தவணைப் பரீட்சை அன்று அப்படித் திரும்பினார். நானும் கோபப்பட்டு ஏசினேன். சாயங்காலம் அந்த ஆற்றைப் போய்ப் பார்த்தபிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

குறையும் இருக்கிறது. பின் ஜன்னல் மூடாது, மழையில் கடைசி சீட்டுப் பிள்ளைகள் நனைகிறார்கள். பிந்தினால் போன் பண்ணிச் சொல்வதில்லை. ஏறி இறங்கி நடப்பதில் பத்து நிமிஷம் கூடப் போகும். ஒரு உதவியாள் இருந்தால் நல்லது, அதற்கு இருநூறு ரூபா கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன்.

நான் கொடுக்கிற மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. பதினான்கு பிள்ளைக்கு மேல் ஏற்றமாட்டார், அதனால் அடுத்த வருஷத்துக்கு இடம் வேண்டுமென்றால் கார்த்திகைக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.