கத்திரி வெயிலில் கறுக்காத கண்ணாடி: நான்கரை வருட அனுபவம்

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எனக்கும் பவர் வந்துடுச்சு. நீங்க போட்டிருக்கிற மாதிரி வெயில்ல கறுக்குற லென்ஸே போட்டுடலாமா?"

அவர் கேட்ட இடம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு மானாவாரி நிலம். மதியம் பன்னிரண்டரை மணி. கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. நிலத்தின் மறுகோடியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த, அளவைக் கருவி குறிபார்க்கும் பிரிசம் எங்கே என்று கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்தேன். என் மூக்கின் மேல் இருந்த லென்ஸ் அப்போது லேசாகப் புகை படிந்தது போல இருந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கேட்டதால் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். ராத்திரி யோசித்தால், அந்தத் தம்பிக்கு முழுக்கதையும் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது.

நான் நில அளவை வேலை செய்கிறவன். பாதி நாள் வெட்டவெளி, மீதி நாள் காகிதம். போட்டோகுரோமிக் என்கிற இந்தக் கறுக்கும் லென்ஸுக்கு முன்னால் இரண்டு கண்ணாடி வைத்திருந்தேன்: சாதா பவர் கண்ணாடி ஒன்று, அதே பவரில் கூலிங் கிளாஸ் ஒன்று. வயலில் நிற்கும்போது கூலிங் கிளாஸ். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தைப் பார்க்கப் புளியமரத்தடிக்கு வந்தால் மற்றது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை மாற்றியிருப்பேன். ஒன்று குனியும்போது சட்டைப்பையிலிருந்து விழும்; இன்னொன்றை வண்டி சீட்டின் மேல் வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே வருடத்தில் மூன்று ஃப்ரேம் போனது.

அதனால் 2021 டிசம்பரில் இதை வாங்கினேன். கடையில் லென்ஸை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, சின்ன டார்ச் ஒன்றை அதன் மேல் அடித்துக் காட்டினார்கள். அரை நிமிடத்தில் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கன்னங்கரேலென்று வட்டமாக மாறியது. டார்ச்சை எடுத்ததும் மெல்லத் தெளிந்தது. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

முதல் இரண்டு மாதம் எனக்கு இதைவிட நல்ல பொருள் உலகத்தில் இல்லை. அந்தத் தை மாதம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு வேலை. காலை ஒன்பது மணிக்குக்கூட ஸ்வெட்டரைக் கழற்ற முடியாத குளிர். வெயில் வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். உடன் வந்தவர், "என்ன சார், கூலிங் கிளாஸ் போட்டுட்டீங்க?" என்றார். கழற்றிப் பார்த்தால், விலை உயர்ந்த கூலிங் கிளாஸ் தோற்கும் அளவுக்குக் கறுத்திருந்தது. வானம் மேகம் மூடியிருந்த நாளிலும் கறுத்தது. மேகம் வெளிச்சத்தைத் தடுப்பது போலப் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை. லென்ஸுக்கு வேண்டியது அந்தக் கதிர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் வேலைக்கென்றே ஒரு வசதியும் இதில் இருக்கிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியின் திரையைப் பார்த்தால், தலையைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்துத் திரை இருண்டுவிடும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியே ஒரு திசையில் அதிர்வது. போலரைஸ்டு கண்ணாடி அதைக் குறுக்கே மறித்துவிடுகிறது. போட்டோகுரோமிக்கில் அந்தத் தொல்லை கிடையாது. சர்வேயருக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் மாசி போய், பங்குனி வந்து, சித்திரை பிறந்தது.

முதலில் லென்ஸ் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். நியாயமாகப் பார்த்தால் வெயில் ஏற ஏற இன்னும் கறுக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. காலை எட்டு மணிக்கு நன்றாகக் கறுத்திருக்கும் லென்ஸ் பதினோரு மணிக்கு வெளிற ஆரம்பிக்கும். எது வேண்டும் என்று காசு கொடுத்தேனோ, அந்த மதியம் பன்னிரண்டு மணிக்கு மட்டும் அது கைவிட்டுவிடும். கடைக்குப் போனேன். ஏசி அறையில் மறுபடியும் அதே டார்ச், அதே கருவட்டம். "லென்ஸ் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதியைத்தான் சொன்னார்கள்.

மீதியை வீட்டு மொட்டை மாடியில் நானே பார்த்தேன். இரண்டாவது ஜோடி வாங்கியபோது பழைய லென்ஸ்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இரண்டு எவர்சில்வர் கிண்ணம். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், இன்னொன்றில் விரல் பொறுக்காத வெந்நீர். ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸைப் போட்டு வெயிலில் வைத்தேன். ஒரே வெயில், ஒரே வயதுடைய லென்ஸ். ஒரு நிமிடம் கழித்து ஐஸ் தண்ணீரில் கிடந்தது மை போலக் கறுத்திருந்தது. வெந்நீரில் கிடந்ததன் வழியே கிண்ணத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது. கிண்ணம் மாற்றிப் போட்டேன், நிறமும் மாறியது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப இது வெயில் கண்ணாடி இல்லப்பா, குளிர் கண்ணாடி" என்றாள்.

நடப்பது இதுதான். இன்றைய பிளாஸ்டிக் லென்ஸில் நாஃப்தோபைரான் போன்ற சாய மூலக்கூறுகள் இருக்கின்றன. சாதாரணமாக அவை மடங்கிக் கிடக்கும். அப்போது நிறம் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் மூலக்கூறுக்குள் ஒரு பிணைப்பு அறுந்து அது விரிந்துகொள்ளும். விரிந்த உருவம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதால் லென்ஸ் கறுக்கிறது. விரிந்ததை மறுபடி மடக்குவது பெரும்பாலும் வெப்பம். ஆக, கதிர் விரித்துக்கொண்டே இருக்கிறது, சூடு மடக்கிக்கொண்டே இருக்கிறது. மலையில் சூடு கம்மி, அதனால் விரிந்தவை விரிந்தபடியே நிற்கும். இங்கே மே மாத மதியத்தில் இரண்டும் உச்சத்தில் இருக்கும். விரிய விரிய மடங்கிவிடும். இதற்கான சர்வதேசச் சோதனையில் லென்ஸை 5, 23, 35 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் கத்திரியின்போது நிழலிலேயே நாற்பதைத் தாண்டும். முகத்துச் சூட்டோடு வெயிலில் நிற்கும் லென்ஸின் நிலையைச் சொல்லவே வேண்டாம். அவர்கள் சோதிக்கும் கடைசிப் படிக்கு மேலேதான் நாங்கள் வேலையே செய்கிறோம். எனக்குக் கோபம் இதில்தான். இது லென்ஸின் குறை இல்லை, அதன் குணம். அந்தக் குணத்தை வேலூரில் கடை வைத்துக்கொண்டு வேலூர்க்காரனிடம் சொல்லாமல் விற்பது சரியில்லை.

ஹெல்மெட் இன்னொரு கதை. வைசரை இறக்கினால் லென்ஸ் கறுக்கவே கறுக்காது. வைசர் பாலிகார்பனேட், அதுவே புற ஊதாவைத் தடுத்துவிடும். காரிலும் அப்படித்தான், முன்கண்ணாடியின் இரண்டு அடுக்குக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எதிர்வெயிலில் காட்பாடிச் சாலையில் போகும்போது வைசரை ஏற்றினால் தூசி, இறக்கினால் கூச்சம். கார் கண்ணாடிக்குள்ளும் ஓரளவு கறுக்கும் ரகம் தனியாக வருகிறது. அதில் நிழலிலும் லேசான சாயம் தங்கிவிடும் என்பதால் எனக்கு ஒத்துவரவில்லை.

கோபத்தில் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. கறுப்பு வேறு, பாதுகாப்பு வேறு. இந்த லென்ஸ் வெளிறிக் கிடக்கும்போதும் புற ஊதாவை உள்ளே விடுவதில்லை. வெளிச்சம் கூசும், ஆனால் கண்ணுக்குக் கெடுதல் செய்யும் கதிர் லென்ஸோடு நின்றுவிடும். ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கும் கறுப்புக் கண்ணாடி பல நேரம் இதற்கு நேரெதிர்: கூச்சம் இருக்காது, கருப்புக்குப் பின்னால் கண்மணி விரிந்து நிற்கும், கதிரைத் தடுக்கும் தன்மை இல்லையென்றால் அது நேராக உள்ளே போகும். எனக்கு 2020-இலேயே இடது கண்ணில் மூக்கோரமாகச் சதை வளர ஆரம்பித்திருந்தது. வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதிகம் வருவது. நான்கரை வருடமாக அது அதே அளவில் நிற்கிறது என்று கண் டாக்டர் சொல்கிறார். லென்ஸால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

ஆயுள் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஜோடி மூன்று வருடம்கூட முழுதாக ஓடவில்லை. இரண்டாவது வருடக் கடைசியிலேயே கறுப்பு குறைந்தது, நிழலில் லேசான மஞ்சள் தங்க ஆரம்பித்தது. சாயம் களைத்துப்போவது இயல்பு. நடுவில் சீமைக் கருவேல முள் இழுத்து இடது லென்ஸில் கோடு விழ, கடையில் அது ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். புது லென்ஸ் கறுத்தது, பழையது பாதிதான் கறுத்தது. ஒரு கண்ணுக்குச் சாயங்காலம், இன்னொரு கண்ணுக்கு மத்தியானம். நாலு நாள் தலைவலிக்குப் பிறகு வலதையும் மாற்றினேன். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எங்கள் வீட்டு பீரோவில் அப்பாவின் பழைய கண்ணாடி இருக்கிறது. 1980களில் வாங்கியது, மூக்கில் பள்ளம் விழும் கனம், நிஜமான கண்ணாடி. இன்றும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் கறுக்கிறது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்ற இருவர் 1960களில் உருவாக்கிய முறை அது. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி உப்புத் துகள்கள். ஒளி பட்டதும் வெள்ளி பிரிந்து கறுக்கும், நிழலில் மறுபடி சேர்ந்துகொள்ளும். பிரிந்தவை கண்ணாடிக்குள்ளேயே சிறைப்பட்டிருப்பதால் தப்பிப்போக வழியில்லை, அதனால் களைப்பும் இல்லை. அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. போன மாதம்கூட அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எட்டாயிரம் ரூபாய் லென்ஸ் மூன்று வருடம் தாங்காதபோது, இது நாற்பது வருடமாக மாறாமல் இருப்பதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது. கீழே விழுந்தால் உடையும், கனம் தாங்காது என்பதால்தான் காலம் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அது புரிகிறது.

சரி, தம்பிக்கு என்ன பதில்? மேலே எழுதியதை எண்ணிப் பார்த்தால் நல்லது கெட்டது சரிக்குச் சரியாக வரும். வருடத்தில் எட்டு மாதம் இது எனக்கு நன்றாக உழைக்கிறது. மார்கழியில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். ஆனால் கேட்டது மே மாதம், நான் எழுதுவதும் மே மாதம். இன்றைக்கு என் பதில், வேண்டாம். வெயிலில் நிற்கிற நம் வேலைக்கு, பவர் போட்ட, நிறம் மாறாத, 400 நானோமீட்டர் வரை புற ஊதா தடுக்கும் சாம்பல் நிறக் கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கு. போலரைஸ்டு வேண்டாம். கூடவே சாதா பவர் கண்ணாடி ஒன்று. இரண்டையும் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்.

இல்லை அண்ணே, எனக்குக் கறுக்கிறதுதான் வேண்டும் என்றால், கடைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குப் போ. டார்ச் அடித்துக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, அந்த மாதிரி லென்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு கடை வாசலில் வெயிலில் பத்து நிமிடம் நில். அப்போது அது எந்த நிறத்தில் இருக்கிறதோ, அந்த நிறத்துக்குத்தான் நீ காசு கொடுக்கப் போகிறாய்.