புது கார்புரேட்டர் தீர்க்காத திணறல்: 1971 பீட்டிலில் ஐந்து வருட அனுபவம்

ஐந்து வருடங்களுக்கு முன் என்னுடைய 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் அடம்பிடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி எதுவும் நடக்காது. அப்புறம் திடீரென்று துள்ளிப் பாயும். பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்த அந்த ஒரு நொடி தாராளமாகப் போதும். 1600 சிசி எஞ்சின், சோலெக்ஸ் 34 பிக்ட் 3 கார்புரேட்டர். முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

மிதித்தால் திணறுகிறது என்றதும் எல்லோரையும் போல நானும் கார்புரேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் தண்டைப் பிடித்து ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிந்தது. எஞ்சின் ஓடும்போது அந்தத் தண்டின் ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அடித்தால் ஐடிலிங் வேகம் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் வேகம்) மாறியது. அதாவது அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. (சூடான எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.) சரி, பழசைக் கழற்றிவிட்டு, அதே அளவில் புதிதாகச் செய்யப்பட்ட நகல் கார்புரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன்.

புதுசுதானே என்று திறந்து பார்க்காமல் மாட்டியது முதல் தப்பு. இரண்டே வாரத்தில் ஐடில் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அலுமினியத் தூள். மிதவைக்கு மேலே இருக்கும் ஊசி வால்வும் சரியாக முறுக்கப்படவில்லை. பெட்ரோல் மட்டம் ஏறி பிளக்கெல்லாம் கரி. அலசி, ஊதி, வால்வை முறுக்கிய பிறகு ஐடிலிங் அழகாக நின்றது. காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆனால் சிக்னலில்? அதே ஒரு நொடி, அதே துள்ளல்.

அடுத்த ஒரு மாதம் நான் செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆக்சிலரேட்டர் பம்ப் அதிகம் பீச்சும்படி கம்பியை மாற்றினேன். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். திணறல் கொஞ்சம் மழுங்கியது, பெட்ரோல் செலவு கூடியது, அவ்வளவுதான். கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சின் மூடியைத் திறந்தார். கார்புரேட்டரைத் தொடவே இல்லை. ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்துவிட்டு, "இதுல வேக்குவம் குழாய் எங்க சார்?" என்று கேட்டார்.

குழாய் இல்லை. என் வண்டியில் இருந்தது 009 என்று சொல்லப்படும் டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சின் வேகம் கூடக்கூட உள்ளே எடைக்கட்டிகள் விரிந்து ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கும். அதைத் தவிர வேறு ஏற்பாடு அதில் கிடையாது. நல்ல பொருள்தான், பல வருடம் உழைக்கும். ஆனால் 34 பிக்ட் 3 கார்புரேட்டருக்கு அது பொருந்தாத ஜோடி. த்ராட்டில் லேசாகத் திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது மெதுவாகத்தான் எரியும். அதனால் ஸ்பார்க் இன்னும் முன்கூட்டியே வர வேண்டும். த்ராட்டிலைத் திறந்த அந்தக் கணமே கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் (உறிஞ்சும் விசை) ஒரு டயாஃப்ரத்தை, அதாவது மெல்லிய சவ்வை, இழுத்து டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, முன்னுக்குக் கொண்டுபோகும். அந்த உதவி கிடைக்கும் என்று நம்பித்தான் 34 பிக்ட் 3-இன் கலவையை மெலிதாக வைத்திருக்கிறார்கள். 009-ஓ எஞ்சின் வேகம் ஏறும்வரை காத்திருக்கும். நான் ஒரு மாதமாகத் தேடிய அந்த ஒரு நொடி இதுதான். கார்புரேட்டரில் வேக்குவம் எடுக்கும் மூக்கு ஒரு ரப்பர் தொப்பியோடு சும்மா நின்றிருந்தது. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன்!

எடைக்கட்டியும் வேக்குவமும் சேர்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். வேக்குவம் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்து 3500 ஆர்பிஎம்மில் 30 டிகிரிக்கு வைத்தோம். ஹோஸைத் திரும்ப மாட்டி வெளியே எடுத்துப் போன முதல் சிக்னலிலேயே வித்தியாசம் தெரிந்தது. மிதித்தேன், போனது. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. பெரிய ஜெட்டைக் கழற்றி பழைய அளவையே போட்டேன்.

பாயின்ட்டா, எலக்ட்ரானிக்கா என்பதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் சிறு சுவிட்ச். அதன் இடைவெளி 0.4 மிமீ. கேமில் உரசும் கட்டை தேயத்தேய அந்த இடைவெளி குறையும், டைமிங் பின்னுக்குப் போகும், வண்டி மந்தமாகும். இது படிப்படியாக நடப்பதால் ஓட்டுபவருக்கே தெரியாது. முதல் வருடம் முழுக்க அடிக்கடி ஃபீலர் கேஜோடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) குனிந்து சலித்துவிட்டு, ரோட்டாருக்குக் கீழே காந்த வளையம் வைக்கும் எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு மாறினேன். ஸ்டார்ட்டிங் சீரானது, ஐடிலிங்கில் ஆட்டம் போனது. ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் எஞ்சின் ஓடாமல் இக்னிஷனை மட்டும் ஆனில் வைத்து அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். மாட்யூல் செத்தது. வழிகாட்டித் தாளில் அப்படி வைக்காதே என்று தெளிவாகவே எழுதியிருந்தது, குறை என்னுடையதுதான். அன்றிலிருந்து பழைய பாயின்ட், கண்டென்சர், ஒரு ஸ்க்ரூடிரைவர் மூன்றும் ஒரு டப்பாவில் வண்டியிலேயே இருக்கின்றன. பாயின்ட் சாகும்போது முன்கூட்டியே முனகும். மாட்யூல் சொல்லாமல் போய்விடும். இரண்டாவது மாட்யூல் இதுவரை தொந்தரவு தரவில்லை. ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் 3 ஓம் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டினேன். ஓம் குறைவான காயில் இருந்தால் மாட்யூல் சூடாகும்.

மூன்றாவது வருடம் அந்த நகல் கார்புரேட்டரில் ஐடில் அடைப்பு சோலினாய்டு (இக்னிஷனை அணைத்ததும் ஐடில் பெட்ரோலை நிறுத்தும் மின் வால்வு) மக்கர் செய்தது, த்ராட்டில் தண்டும் ஆட ஆரம்பித்தது. மூன்றே வருடத்தில்! பழைய ஜெர்மன் கார்புரேட்டரை நல்லவேளை தூக்கிப் போடவில்லை. த்ராட்டில் தண்டுக்குப் புது புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போட்டு, கேஸ்கெட், டயாஃப்ரம், ஊசி வால்வு எல்லாம் மாற்றி அதையே திரும்ப மாட்டினேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. இன்னொரு முறை செய்வதாக இருந்தால் முதல் நாளே பழசுக்கு புஷ் போட்டிருப்பேன்.

ஐடிலிங் வைப்பதில் ஒரு விஷயம். த்ராட்டில் நெம்புகோலில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி வேகம் கூட்டுவது பலருக்கும் உள்ள பழக்கம். இந்த மாடலில் அதைத் தொடவே கூடாது. பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். சிறியது கலவைக்கு, பெரியது வேகத்துக்கு. சிறியதை மெல்ல முட்டும்வரை உள்ளே திருப்பி, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பிக்க வேண்டும். பெரியதில் 850 ஆர்பிஎம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, சிறியதால் மெருகேற்றலாம். எஞ்சின் சூடாகி சோக் முழுக்கத் திறந்த பிறகுதான் இதெல்லாம். அதற்கும் முன்னால் குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.15 மிமீ இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியில்லாமல் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டி ஒரு பயனும் இல்லை.

பெட்ரோல் உள்ளே வரும் பித்தளைக் குழாயையும் சொல்லிவிடுகிறேன். அது கார்புரேட்டர் உடலில் அழுத்திச் செருகப்பட்டது, திருகு கிடையாது. பழைய கார்புரேட்டர்களில் அது தளர்ந்து கையோடு வரும். ஓடும்போது கழன்றால் பெட்ரோல் நேராகச் சூடான எஞ்சின் மேல் கொட்டும். பீட்டில்கள் எரிந்துபோகும் காரணங்களில் இது ஒன்று. என்னுடையதில் அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். துணி சுற்றிய பழைய ஹோஸ்களையும் அன்றே மாற்றினேன். வெளியே நன்றாகத் தெரிந்த ஹோஸை மடக்கியதும் உள்ளே வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நடுவழியில் நின்றது அந்தப் பாட்டுக் கேட்ட நாள் ஒன்றுதான். போன வாரம் ஆக்சிலரேட்டர் பம்ப் மூடியின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் டயாஃப்ரத்தைத் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். புது டயாஃப்ரம் மேசை மேல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.