தாலந்து உவமையைப் பாதி மட்டும் வாசித்துக் காட்டுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

ஜெபக்கூட்டம் முடிந்து காபி தம்ளர் கைமாறும் நேரத்தில், "ஆண்டவர் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறோமே, கணக்குக் கேட்டால் என்ன சொல்வோம்?" என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். அப்படி ஆரம்பித்த ஒருவரை நம்பித்தான் என் அத்தை தன் ஓய்வுக்காலப் பணத்தின் பெரும்பகுதியை இழந்தார். அந்த ஆள் இன்னும் திருநெல்வேலி, நாகர்கோவில் வட்டாரத்தில் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போய்வருவதாகக் கேள்விப்படுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரையோ தரகு நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. நடந்த விதத்தைப் படித்தாலே உங்கள் சேகரத்தில் (திருச்சபை வட்டத்தில்) யார் அது என்று தெரிந்துவிடும்.

அத்தை அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா காலமாகிவிட்டார். ஓய்வூதியம் வருகிறது, அதற்குமேல் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2022 ஜூன் மாதம் 10 லட்சம் போட்டிருந்தார். அப்போதைய வட்டி 7.4 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,500 ரூபாய் தவறாமல் கணக்கில் விழும். இந்தப் பணத்தைத்தான் அந்த ஆள் "புதைத்து வைத்த தாலந்து" என்றார். மத்தேயு 25-இல் இயேசு சொல்லும் உவமையில், பயணம் போகும் ஓர் எஜமான் மூன்று வேலைக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை (அக்காலப் பணம்) ஒப்படைக்கிறான்; இருவர் அதை இரட்டிப்பாக்குகிறார்கள், மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைக்கிறான். எஜமான் அந்த மூன்றாவது வேலைக்காரனைப் பார்த்து, குறைந்தபட்சம் காசுக்காரர் வசத்தில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்றுதான் திட்டுகிறான். அத்தை செய்திருந்தது அதைத்தான். ஆனால் கூட்டத்தில் அந்த வசனம் வாசிக்கப்படவில்லை.

ஆள் பார்க்க எளிமையானவர். வெள்ளைச் சட்டை, கையில் அடிக்கோடு நிறைந்த வேதாகமம், எல்லோருக்கும் "பிரதர்", "சிஸ்டர்". சபையில் சாட்சி சொல்லும்போது, கடனில் மூழ்கியிருந்த தன்னைக் கர்த்தர் பங்குச் சந்தை வழியாகத் தூக்கி நிறுத்தினார் என்பார். அவர் செய்தது பங்கு வாங்குவது அல்ல, ஆப்ஷன் விற்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. தெரியவைக்கும் எண்ணம் அவருக்கும் இல்லை.

2023 அக்டோபரில் அத்தை அஞ்சலகக் கணக்கை முடித்தார். இரண்டு ஆண்டு ஆகாததால் ஒன்றரை சதவீதம், அதாவது 15,000 ரூபாய் பிடித்தம். மீதியைப் பெற்றுக்கொண்டு வந்த அன்று மாலையே அந்த ஆள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் அத்தையின் ஆதார், பான் அட்டை, காசோலைப் புத்தகம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு, அத்தையின் செல்பேசியிலேயே பங்கு வர்த்தகத்துக்கான டிமேட் கணக்கைத் தொடங்கினார். மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில் அத்தையின் பெயரில் அப்போதே புதிதாக ஒன்றை உருவாக்கினார். அதன் கடவுச்சொல் அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். கணக்குக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் மாறும் ஆறு இலக்க எண் வருமே, அதற்கான சதுரப் படம் (கியூஆர் குறியீடு) திரையில் வந்தபோது தன் செல்பேசியை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். அந்த விநாடியிலிருந்து கணக்கு அத்தையின் பெயரில், சாவி அவர் கையில். பிறகு ஜெபம் செய்துவிட்டு, அத்தை வற்புறுத்திக் கொடுத்த முறுக்கையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

முதலீடு 9 லட்சம். பேச்சு இதுதான்: மாத லாபத்தில் 30 சதவீதம் அவருக்கு, அதில் பத்தில் ஒன்று ஊழியத்துக்குப் போகும். நஷ்டம் வந்தால் என்ன என்று அத்தை கேட்டிருக்கிறார். "விசுவாசம் இருக்கிற இடத்தில் அந்தக் கேள்வியே வராது, சிஸ்டர்" என்பது பதில். இந்தப் பதிலை யார் சொன்னாலும் எழுந்து வாசலைக் காட்டலாம்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆப்ஷன் விற்கிறவருக்கு அப்படித்தான் போகும். சந்தை இந்த அளவுக்குக் கீழே விழாது என்று பந்தயம் கட்டி, சின்னச் சின்னத் தொகையைப் பிரீமியமாக வாங்கிக்கொள்வது. பெரும்பாலான வாரங்களில் சந்தை அவ்வளவு விழாது, பிரீமியம் பையில் தங்கிவிடும். விழுகிற ஒரு நாளில் பல மாதத்து வரவும் முதலும் சேர்ந்து போகும். அந்த எட்டு மாதத்தில் மொத்த லாபம் 2,40,000. அவர் பங்காக 72,000 ரூபாயை மாதா மாதம் அத்தை செல்பேசி வழியாக அனுப்பிவிட்டார். மீதியை எடுக்கவேண்டாம், விதை நெல்லைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அது கணக்கிலேயே இருந்தது.

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் கருத்துக் கணிப்புகள் வந்தன. ஆளும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே பேச்சு. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து, வேப்ப மரத்தடியில் நின்று அந்த ஆள், தன்னை நம்பிப் பணம் போட்டிருந்த தன் "குடும்பங்களுக்கு" சொன்னாராம்: வானத்தின் பலகணிகள் திறக்கும் வாரம் இது, மார்ஜினுக்கு (தரகு நிறுவனத்தில் வைக்கவேண்டிய ஈட்டுத்தொகைக்கு) இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும். அத்தை திங்கள் காலை வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து 3 லட்சம் போட்டார். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்வதை எத்தனையோ முறை வாசித்தவர்தான் அத்தை. ஆனால் அன்று வேப்ப மரத்தடியில் வேதாகமம் இருந்தது அந்த ஆளின் கையில்.

திங்கள்கிழமை, பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-இல் முடிந்தது. செவ்வாய், ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. கணிப்புகள் பொய்த்தன. நிஃப்டி 1,379 புள்ளிகள், கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்து 21,884-இல் முடிந்தது. இடையில் அதற்கும் கீழே போயிற்று. விற்றுவைத்திருந்த ஆப்ஷன்களின் விலை பல மடங்கு ஏறியது. மார்ஜின் போதாமல் தரகு நிறுவனமே எல்லாவற்றையும் அடிமட்டத்தில் முடித்துவிட்டது. ஒரே நாளில் 8,60,000 ரூபாய். அடகுக் கடனைத் தீர்த்தபின் அத்தையின் கையில் நின்றது 2,08,000.

அந்த ஆள் மூன்று நாள் செல்பேசியை எடுக்கவில்லை. பிறகு வந்து, யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். இழந்ததெல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்பும், மறுபடியும் 5 லட்சம் புரட்டினால் போதும் என்றார். யோபு தன் ஒட்டகங்களை எந்தத் தரகரிடமும் கொடுத்து வைக்கவில்லை என்று சொல்ல நான் அன்று அங்கே இல்லாமல் போய்விட்டேன். அத்தை என்னைக் கூப்பிட்டதே அதற்குப் பிறகுதான்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவன். தரகு நிறுவனத்துக்கு எழுதி, ஒவ்வொரு வர்த்தகத்தின் விவரமும் இருக்கும் ஒப்பந்தக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தபோதுதான் முழு உருவம் தெரிந்தது. அந்த ஆள் அந்த நிறுவனத்தின் முகவர். ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் பிடிக்கப்படும் தரகில் அவருக்குப் பங்கு உண்டு. லாபம் வந்தால் 30 சதவீதம், நஷ்டம் வந்தால் பூஜ்யம், எது வந்தாலும் தரகு. உபாகமம் 25:13 பையில் பெரிதும் சிறிதுமான இருவித நிறைகற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. லாபத்தை நிறுக்க ஒரு கல்லும் நஷ்டத்தை நிறுக்க வேறு கல்லுமாக இருந்த இந்த ஏற்பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியவில்லை.

நான் நேரில் கேட்டபோது அவர் நீதிமொழிகள் 16:33-ஐ எடுத்தார். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." சூதாட்டம் கூடாது என்று நேரடியாக ஒரு கட்டளை வேதாகமத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றும் சவால் விட்டார். அந்தச் சொற்களில் ஒரு கட்டளை இல்லைதான். ஆனால் இஸ்ரவேலர் சீட்டுப் போட்டது கானான் தேசத்தைக் கோத்திரங்களுக்குப் பங்கிட. அப்போஸ்தலர் போட்டது யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள. அடுத்தவன் பொருளை அடையச் சீட்டுப் போட்டவர்கள் சிலுவையின் கீழே உட்கார்ந்திருந்த போர்ச்சேவகர்கள். எந்தக் கூட்டத்தில் சேர விருப்பம் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இவ்வளவும் நடந்தபின் அத்தைக்குப் பங்குச் சந்தை என்றாலே சாத்தானின் கூடாரம். எங்கள் சபையிலும் பலர் அப்படியே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜூன் 4 அன்று சரிந்த அதே நிஃப்டி, அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று 23,290-இல் முடிந்தது. நாள் முடிவு அளவில் அதுவரை இல்லாத உச்சம் அது. நிஃப்டியைத் தொடரும் ஒரு சாதாரணக் குறியீட்டு ஃபண்டில் மாதம் 1,000 ரூபாய் போட்டுவரும் ஓர் ஆசிரியர் அந்த வாரம் எதையும் இழக்கவில்லை. செய்தித்தாளைப் பார்க்காமல் இருந்திருந்தால் சரிவு வந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரே சந்தை, ஒரே வாரம். அத்தையின் பணம் போனதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமையைத் தாண்டிக் காத்திருக்க அந்தப் பந்தயத்தில் இடமில்லை என்பதுதான். அடகு வைத்த பணத்தோடு உள்ளே போனவருக்குக் காத்திருக்கும் உரிமையே கிடையாது.

தாலந்து உவமையில் அந்த ஆள் விழுங்கிய வார்த்தைகளும் இவைதான். எஜமான் திரும்பிவருவது "வெகுகாலமான பின்பு". வந்ததும் செய்கிற முதல் வேலை கணக்குக் கேட்பது. ஐந்து பத்தானதை மட்டும் வாசித்துவிட்டு, காலத்தையும் கணக்கையும் விட்டுவிட்டால் அந்த உவமை லாட்டரிச் சீட்டு விளம்பரமாகிவிடும். "வீணாய்த் தேடின பொருள் குறைந்துபோம், கைப்பாடாய்ச் சேர்க்கிறவனோ விருத்தியடைவான்" என்ற நீதிமொழிகள் 13:11 எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைக்கென்று தனியே வைக்கும் வழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது. மாதத் தவணை முதலீடும் அந்தக் கைப்பிடி அரிசிதான். ஒரே இடத்தில் போடாதே என்பதற்கு ஏழு பேருக்கும் எட்டுப் பேருக்கும் பங்கிடச் சொல்லும் பிரசங்கி 11:2 இருக்கிறது. நல்ல காலத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்ன யோசேப்பு இருக்கிறார். இதில் எதற்கும் சாட்சிக் கூட்டம் தேவையில்லை; சலிப்பான வேலை.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வையும் சொல்லவேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்கிறது லூக்கா 14. கணக்கு இங்கே ஏற்கெனவே பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

உங்களிடம் யாராவது வந்தால் பார்க்கவேண்டியவை: செபியில் பதிவான முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்றும், ஆய்வாளருக்கு ஐஎன்எச் என்றும் தொடங்கும் பதிவு எண் இருக்கும், செபியின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் போலப் பொதுவாக அல்லாமல், ஒருவரின் பணத்தைத் தனிக் கணக்காக நிர்வகிக்கும் பதிவு பெற்ற நிறுவனங்கள் 50 லட்சத்துக்குக் குறைவாக ஏற்கக் கூடாது என்பது விதி. எனவே 3 லட்சம், 9 லட்சத்தை "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு தனி ஆள் சொன்னால் அது சட்டத்துக்கு வெளியே நடக்கும் வேலை. கடவுச்சொல்லையும் ஒருமுறை எண்ணையும் (ஓடிபி) யாருக்கும் தரவேண்டாம். கணக்கில் உங்கள் சொந்த மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அத்தையின் புகாரைத் தரகு நிறுவனம் தள்ளிவிட்டதே, வர்த்தகம் அவருடைய கடவுச்சொல்லில்தான் நடந்தது என்று சொல்லித்தான். காவல் நிலையத்தில் முதலில் சிவில் விவகாரம் என்றார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிந்து, செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸிலும் எழுதியபின்தான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு தலைவலி, ஓய்வூதியக்காரரான அத்தை இந்த வர்த்தகத்துக்காக அந்த ஆண்டு வருமான வரிக்கு, தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான ஐடிஆர் 3 படிவம் தாக்கல் செய்யவேண்டியிருந்தது.

சேகரக் கமிட்டியில் பேசியபோது, வெளியே சொன்னால் சபைக்குத்தான் அவமானம், ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்றார்கள். அத்தை எழுந்து, மன்னித்துவிட்டேன், அநியாயமாய் வாங்கியதைச் சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுத்தான், இவர் ஒருமடங்கு கொடுத்தால் போதும் என்றார். கமிட்டி அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

அந்த வேப்ப மரத்தடியில் நின்றவர்களில் வேறு குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று சிலர் வாய் திறக்கவில்லை. அவர்கள் இதைப் படித்தால்: தரகு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேட்டு, ஒப்பந்தக் குறிப்புகளையும் லாப நஷ்ட அறிக்கையையும் வாங்குங்கள், அந்த ஆளுக்கு அனுப்பிய பணத்துக்கான வங்கிப் பதிவுகளையும், அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். ஒரே ஆளைப் பற்றிப் பல புகார்கள் சேர்ந்தால் விசாரணை வேறு வேகத்தில் நடக்கும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். புகார் மனுவை எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.